பத்தாயிரம் வோல்ட்டும் ஒரு நோட்டு வரியும்: நிலைமின்சார வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பதினான்கு, பதினைந்து வயது மாணவர்களுக்கு நான் நடத்தும் இயற்பியல் வகுப்பில் நடந்தது இது. மாணவர் யார், பள்ளி எது என்பதை இங்கே எழுதவில்லை. நடந்ததை வரிசையாகப் பதிவு செய்வதுதான் நோக்கம். இதே பாடத்தை நடத்தும் மற்றவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

நிலைமின்சாரத்துக்கு இரண்டு வகுப்பு, முடித்த கையோடு மின்சுற்றுக்கு ஆறு வகுப்பு. பல வருடமாக என் திட்டம் அதுதான். முதல் பாடத்தில் சீப்பு, காகிதத் துண்டு, பலூன் வரும். அடுத்த பாடத்தில் மின்கலம், பல்பு, சாவி, அம்மீட்டர் வரும். முதலாவதில் பொருள்கள் ஒட்டும், விலகும், பொறி பறக்கும். இரண்டாவதில் கம்பிகளில் மின்னோட்டம் ஓடும். இரண்டிலும் இருப்பது ஒரே மின்னூட்டம் என்று பாடநூலில் ஒரு வரி உண்டு. அதை நானும் வாசித்துவிட்டுத்தான் கடந்து போவேன். அந்த வரியை மாணவர்கள் கண்ணால் பார்க்கும்படி ஒரு சோதனைகூட நான் செய்து காட்டியதில்லை.

முதல் வகுப்பு

அன்று காற்றில் ஈரம் குறைவு. நிலைமின்சாரம் நடத்த அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அரை மீட்டர் நீள பிவிசி குழாயைக் கம்பளித் துணியால் தேய்த்தேன். காகிதத் துண்டுகள் எம்பிக் குதித்து ஒட்டின. தண்ணீர்க் குழாயில் நூல்போல ஒழுகவிட்ட தண்ணீர், பிவிசியைக் கிட்டே கொண்டுபோனதும் வளைந்து வந்தது. சன்னல்களைச் சாத்தி இருட்டாக்கி விரல் முட்டியைக் குழாய் அருகே நீட்டச் சொன்னேன். படபடவென்று சத்தம், ஊசிமுனை அளவில் நீலப் பொறிகள். வகுப்பே எழுந்து நின்றது.

"எவ்வளவு வோல்ட் இருக்கும் டீச்சர்?" என்று ஒரு குரல்.

"பத்தாயிரம்கூட இருக்கும்" என்றேன்.

எண்ணில் பெரிய தவறில்லை. காற்று ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் என்ற அளவில்தான் உடைந்து மின்சாரத்தை விடும். மூன்று மில்லிமீட்டர் பொறி பறந்தால், பத்தாயிரம் வோல்ட் என்பது தோராயமான, நியாயமான கணக்கு.

"அப்ப ஏன் எங்களுக்கு ஒண்ணும் ஆகல?"

"இது நிலைமின்சாரம்தானே, ஒன்றும் செய்யாது" என்றேன். மணி அடித்தது. அந்த விடைதான் தவறு. அவசரத்தில் வந்த சொல் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் போன வருடமும் அதே விடையைத்தான் சொல்லியிருப்பேன்.

நோட்டில் கண்டது

ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும், பார்த்ததிலிருந்து நீங்களே வந்தடைந்த ஒரு முடிவை எழுதுங்கள் என்று ஒரு சிறு பயிற்சி கொடுப்பது என் வழக்கம். அன்று மாலை திருத்தும்போது ஒரு நோட்டில் இப்படி இருந்தது:

"10,000 வோல்ட்டைத் தொட்டும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். ஆகவே வீட்டு மின்சாரம் ஆபத்து என்று பெரியவர்கள் சொல்வது நம்மைப் பயமுறுத்தவே."

அழகான கையெழுத்து. 'ஆகவே' என்ற சொல்லின் கீழ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான். அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் எனக்குப் பகீரென்றது. அவன் விளையாட்டாக எழுதவில்லை. நான் கொடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டு, அந்த எண்கள் மட்டும் சொல்லும் முடிவுக்கு ஒழுங்காக வந்திருந்தான். தர்க்கத்தில் பிழை தேடினேன், கிடைக்கவில்லை. அவன் கையில் இருக்கவேண்டிய மூன்றாவது எண்ணை நான் கொடுக்கவே இல்லை.

மற்ற நோட்டுகளையும் அந்தக் கண்ணோடு மறுபடி புரட்டினேன். 'நிலைமின்சாரம் ஓடாது, அதனால் அது நிஜ மின்சாரம் இல்லை.' 'தேய்த்தால் மின்சாரம் உருவாகும், பிறகு காற்றில் கரைந்துவிடும்.' 'நிலைமின்சாரத்துக்கு வோல்ட் உண்டு, ஆம்பியர் கிடையாது.' வகுப்பில் பாதிக்கு மேல் இதில் ஏதாவது ஒன்றை எழுதியிருந்தார்கள். இரண்டு பாடங்களையும் இரண்டு தனித்தனி மின்சாரங்களாகவே பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் இடைவேளையில் அந்த மாணவனைத் தனியே கூப்பிட்டுப் பேசினேன். திட்டவில்லை. எப்படி யோசித்தாய் என்றுதான் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"நேத்து அண்ணன்கூட சேர்ந்து சுவிட்ச் போர்டு கழட்டினேன் டீச்சர். சுவிட்ச் லூசா இருந்துச்சு."

"மெயின் ஆஃப் பண்ணீங்களா?"

"இல்ல டீச்சர். செருப்பு போட்டிருந்தோம்."

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அன்றே வீட்டுக்குத் தகவல் சொல்வது. புரியவைக்க எனக்குச் சில நாள் தேவைப்படும். ஆனால் சுவிட்ச் போர்டு அதுவரை காத்திருக்காது. அவனிடம் முன்பே சொல்லிவிட்டுத்தான் போன் செய்தேன். அவன் அம்மாவிடம் பையனைப் பற்றிப் புகார் வாசிக்கவில்லை. வகுப்பில் நான் அரைகுறையாகச் சொன்ன ஒன்றால் இப்படி நினைத்திருக்கிறான், மெயினை அணைக்காமல் இரண்டு பிள்ளைகளும் எதையும் கழற்றக் கூடாது என்று சொன்னேன்.

இரண்டாவது, மின்சுற்றுப் பாடத்தைத் தள்ளிவைத்து மூன்று வகுப்புகளை இதற்கே ஒதுக்குவது. பாடத்திட்டம் பின்தங்கும் என்பது தெரிந்துதான் செய்தேன்.

மூன்றாவது முடிவை எடுப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது. சக ஆசிரியர் ஒருவர், "வோல்ட்டேஜ் கொல்லாது, கரண்ட்தான் கொல்லும்னு ஒரே வரியில் சொல்லிட்டுப் போங்க டீச்சர், போதும்" என்றார். எல்லோரும் சொல்லும் வரிதான். ஆனால் இந்த மாணவனிடம் அது எடுபடாது என்று எனக்குப் பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மின்னணுக் கருவிகளைச் சோதிப்பவர்கள் மனித உடலுக்குப் பதிலாக, மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் 100 பிகோஃபாரடு மின்தேக்கியையும் 1,500 ஓம் தடையையும் வைத்துக்கொள்கிறார்கள். பத்தாயிரம் வோல்ட்டில் அதிலுள்ள மின்னூட்டம் இறங்கும்போது உச்ச மின்னோட்டம் கிட்டத்தட்ட 6.7 ஆம்பியர்! டார்ச் பல்பு எடுப்பதைப் போல இருபது மடங்குக்கு மேல். ஆக நிலைமின்சாரத்துக்கு ஆம்பியர் கிடையாது என்பதும் பொய், கரண்ட்தான் கொல்லும் என்பதும் பாதி உண்மை. அந்த 6.7 ஆம்பியர் நிலைப்பது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். மொத்தமாக நகரும் மின்னூட்டம் ஒரு மைக்ரோகூலூம்தான், அதாவது மின்னூட்டத்தின் அலகான கூலூமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த வரியைச் சொல்லியிருந்தால், அவன் இன்னொரு 'ஆகவே' எழுத நானே வழி செய்தவளாகியிருப்பேன்.

எவ்வளவு மின்னூட்டம், எவ்வளவு நேரம், யார் மறுபடி நிரப்புகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் வோல்ட்டோடு சேர்த்தே வகுப்பில் வைப்பது என்று தீர்மானித்தேன். விபத்துக் கதைகளைச் சொல்லிப் பயமுறுத்துவதில்லை என்றும் முடிவு செய்தேன். 'பயமுறுத்தவே' என்று எழுதியவனுக்கு இன்னும் கொஞ்சம் பயமுறுத்தல் விடையாகாது.

அவன் எழுதிய வரியை வகுப்பில் ஒரு கேள்வியாக வைக்கலாமா என்று அவனிடமே கேட்டேன். "பேர் மட்டும் சொல்லாதீங்க டீச்சர்" என்றான். கடைசிவரை சொல்லவில்லை.

முதல் மறுவகுப்பு: நியான் பல்பு

டெஸ்டருக்குள் எரியும் அந்தச் சின்ன நியான் பல்புகளில் சிலவற்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு குட்டைக் கம்பிகள், சுற்றிலும் நியான் வாயு. 60 முதல் 90 வோல்ட் வரை கிடைத்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அதில் ஒரு வசதி உண்டு: எதிர்முனையாக இருக்கும் கம்பியைச் சுற்றித்தான் ஒளி வரும்.

அன்று மழை. குழாயை எவ்வளவு தேய்த்தும் மின்னூட்டம் நிற்கவில்லை. ஈரக் காற்றில் குழாயின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலமே அதைக் கடத்திக் கொண்டுபோய்விடுகிறது. பத்து நிமிடம் வீணானது. ஆய்வக உதவியாளர் மேசை விளக்கின் சூட்டில் குழாயையும் கம்பளியையும் காயவைத்துக் கொடுத்தார். அப்புறம்தான் வேலை செய்தது.

இருட்டறை. ஒரு மாணவி பல்பின் ஒரு கம்பியை விரலால் பிடித்துக்கொண்டாள். மறு கம்பியைத் தேய்த்த குழாயின் மேல் இழுத்தாள். மின்மினிபோல விட்டுவிட்டு மினுக்கியது. எந்தப் பக்கம் என்று உற்றுப் பாருங்கள் என்றேன். நான்கைந்து முறை இழுத்த பிறகு, "குழாய்ப் பக்கக் கம்பி மட்டும்தான் எரியுது டீச்சர்" என்றாள். பிறகு பட்டுத்துணியில் தேய்த்த கண்ணாடித் தண்டை எடுத்தோம். மினுக்கல் பலவீனமாக இருந்தாலும் பார்க்க முடிந்தது. இந்த முறை விரல் பக்கக் கம்பி எரிந்தது.

அடுத்து ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வைத்தேன். உள்ளே பதினொரு 9 வோல்ட் பேட்டரிகள் தொடரிணைப்பில், மொத்தம் 99 வோல்ட். வெளியே வரும் இரு கம்பிகளிலும் தலா 100 கிலோ ஓம் தடையைப் பெட்டிக்குள்ளேயே பற்றவைத்திருந்தேன். தவறி யாராவது இரண்டையும் தொட்டாலும் அரை மில்லியாம்பியருக்கு மேல் போகாது. இந்தத் தடைகள் இல்லாமல் இதை யாரும் செய்ய வேண்டாம். 99 வோல்ட் நேர்மின்சாரம் விளையாட்டுச் சாமான் ஆகாது.

அதே பல்பைப் பெட்டியில் இணைத்தேன். எதிர்முனையோடு சேர்ந்த கம்பி மட்டும் எரிந்தது. இப்போது மினுக்கவில்லை, நின்று எரிந்தது. முனைகளை மாற்றினேன். ஒளி மறு கம்பிக்குத் தாவியது. வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பின் வரிசையிலிருந்து ஒருவன், "அப்போ குழாய், பேட்டரியோட மைனஸ் மாதிரி" என்றான்.

தேய்க்கும்போது மின்சாரம் உருவாகவில்லை, கம்பளியிலிருந்து எலக்ட்ரான்கள் குழாய்க்கு இடம் மாறின, அதே அளவு நேர் மின்னூட்டம் கம்பளியில் மிச்சம் என்பதை அங்கேயே சொன்னேன். மின்னூட்டம் இருந்தால் தகடுகள் விரியும் நிலைமின்காட்டியில் கம்பளியைக் காட்டினோம், தகடுகள் விரிந்தன. 'காற்றில் கரையும் மின்சாரம்' அத்தோடு போயிற்று.

இந்தச் சந்தேகம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததில்லை. 1800இல் வோல்டா தன் மின்னடுக்கை, அதாவது முதல் மின்கலத்தை, வெளியிட்ட பிறகு, அதில் வருவதும் உராய்வில் வருவதும் ஒன்றுதானா என்ற கேள்வி அறிஞர்களிடையே வெகுகாலம் இருந்தது. மைக்கேல் ஃபாரடே 1833இல் உராய்வு, வோல்டா மின்கலம், காந்தம், வெப்பம், மின்மீன் என ஐந்து வழிகளில் கிடைத்தவற்றின் விளைவுகளையும் வரிசையாக ஒப்பிட்டு, எல்லாம் ஒரே மின்சாரம், அளவிலும் செறிவிலும்தான் வேறுபாடு என்று காட்டினார். ஃபாரடேவுக்கே பொறுமையாகச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்ததை, நான் ஒரு வரியில் கடந்து போயிருந்தேன்.

இரண்டாவது மறுவகுப்பு: மூடாத சுற்று

இந்த வகுப்பு என் திட்டத்தில் இல்லை. முந்தைய நாள் குழாயின் மேல் பல்பை இழுத்த மாணவி எழுந்து கேட்டாள்:

"சுற்று மூடினாத்தான் மின்னோட்டம் போகும்னு போன வருஷம் படிச்சோம். குழாயிலிருந்து என் விரலுக்குத்தான் வந்துச்சு. திரும்பிப் போகவே இல்லையே. எப்படி எரிஞ்சது?"

இருபது வருடம் நடத்தினாலும் இப்படி ஒரு கேள்வி கிடைப்பது அரிது. வகுப்பு முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

மின்னூட்டம் நகர மின்னழுத்த வேறுபாடு இருந்தால் போதும். குழாய்க்கும் விரலுக்கும் இடையே அது இருந்தது, எலக்ட்ரான்கள் பல்பு வழியாக உடலுக்குப் பாய்ந்தன. பாயப் பாய வேறுபாடு குறைந்தது, ஒளி அணைந்தது. கதை முடிந்தது. வந்த எலக்ட்ரான்களைத் திரும்பக் குழாய்க்கு ஏற்றிவிட அங்கே யாரும் இல்லை. ஆகவே கண நேர ஓட்டத்துக்கு மூடிய சுற்று வேண்டாம். ஓட்டம் நீடிக்க வேண்டுமென்றால் வேண்டும். கூடவே, சுற்றுக்குள் எங்காவது மின்னூட்டத்தை மறுபடி மேட்டுக்கு ஏற்றும் ஒன்றும் இருக்க வேண்டும். மின்கலம் வேதிவினையால் அதைச் செய்கிறது.

சொன்னதோடு விடாமல் செய்தும் பார்த்தோம். ஒருவன் குழாயின் ஒரு முனையில் விடாமல் தேய்க்க, இன்னொருவன் மறுமுனைவரை பல்பை இழுத்துக்கொண்டே இருந்தான். தேய்க்கும் வேகம் கூடக்கூட மினுக்கல்கள் நெருங்கி வந்தன. இருவருக்கும் மூச்சு வாங்கியது. அப்போது அந்த நோட்டு வரியை எழுதிய மாணவன், வகுப்பில் அதுவரை வாய் திறக்காதவன், சொன்னான்: "பேட்டரின்றது யாரோ நிறுத்தாம தேச்சுக்கிட்டே இருக்கிற குழாய்."

அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது. கரும்பலகையில் எழுதி வைத்தேன். தேய்ப்பதை ஒரு வாரும் உருளைகளும் செய்தால் அதுதான் வான் டி கிராஃப் இயந்திரம் என்று மட்டும் சேர்த்தேன்.

அன்றே அம்மீட்டரைப் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்து, இரண்டிலும் ஒரே அளவீடு வருவதையும் காட்டினேன். பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுவதில்லை. நிறுத்தாமல் தேய்ப்பவர் என்ற படம் மனத்தில் இருந்ததால், வழக்கமாக ஒரு மணி நேரம் இழுக்கும் இந்தப் பாடம் பத்தே நிமிடத்தில் முடிந்தது.

மூன்றாவது மறுவகுப்பு: ஜாடியும் மின்தேக்கியும்

சிறிய பிளாஸ்டிக் டப்பாவின் உள்ளும் புறமும் அலுமினியத் தாள் ஒட்டி, மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு லேடன் ஜாடி செய்தோம். 1745, 1746 வாக்கில் ஃபான் கிளைஸ்ட், மஸ்சென்ப்ரூக் என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியே கண்ட அதே அமைப்பு. பெரிய பாட்டிலில் செய்யலாம் என்று மாணவர்கள் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். அளவு கூடினால் சேமிப்பும் கூடும். டப்பாவின் பரப்பையும் தடிப்பையும் வைத்துக் கணக்கிட்டபோது சுமார் 300 பிகோஃபாரடு வந்தது. 10,000 வோல்ட்டில் 3 மைக்ரோகூலூம் மின்னூட்டம், 15 மில்லிஜூல் ஆற்றல். சுள்ளென்று வலிக்கும், அதற்கு மேல் போகாது. இருந்தாலும் கையால் யாரும் தொடக் கூடாது, பிளாஸ்டிக் பிடி போட்ட கம்பியால் மட்டுமே இறக்க வேண்டும் என்பது விதி.

ஜாடியை 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் டார்ச் பல்பு வழியாக இறக்கினோம். சடக்கென்று பொறி பறந்தது. பல்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. "பார்த்தீங்களா, நிஜ மின்சாரம் இல்ல" என்று ஒருவன் கிசுகிசுத்தான். கணக்கைப் போடுங்கள் என்றேன். 0.3 ஆம்பியர் என்றால் வினாடிக்கு 3 லட்சம் மைக்ரோகூலூம். ஜாடியில் இருப்பதோ 3. பல்பின் திறன் 0.75 வாட்; ஜாடியின் மொத்த ஆற்றலும் அதற்கு ஐம்பதில் ஒரு வினாடிக்குத்தான் காணும், அதிலும் பெரும்பகுதி பொறியின் வெளிச்சத்திலும் சத்தத்திலும் வெப்பத்திலுமே போய்விடுகிறது.

பிறகு 4,700 மைக்ரோஃபாரடு மின்தேக்கியை ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரியால் நிரப்பி, 470 ஓம் தடையோடு எல்இடியில் இணைத்தேன். பளிச்சென்று எரிந்து, சில வினாடிகளில் மெல்ல மங்கி அணைந்தது. அதன் மின்னூட்டம் 42 மில்லிகூலூம். பத்தாயிரம் வோல்ட் ஜாடியில் இருந்ததைவிடச் சுமார் 14,000 மடங்கு, வெறும் 9 வோல்ட்டில்! ஒரு மாணவி கால்குலேட்டரில் மூன்று முறை போட்டுப் பார்த்தாள்.

மொட்டைமாடியிலிருந்து தலையில் விழும் ஒரு சொட்டுத் தண்ணீர், முழங்கால் உயர மடையிலிருந்து பாயும் வெள்ளம் என்று உவமை சொன்னேன். உயரம் வோல்ட், தண்ணீரின் அளவு மின்னூட்டம். உவமையை அதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியாக நோட்டு வரியைப் பலகையில் எழுதினேன். வறண்ட தோல் உள்ள மனித உடலின் தடை, 230 வோல்ட்டில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஏறத்தாழ 1,000 முதல் 2,000 ஓம். தோல் நனைந்தால் இன்னும் குறையும். மின்னோட்டம் 115 முதல் 230 மில்லியாம்பியர். சுமார் 10 மில்லியாம்பியரிலேயே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். 30 மில்லியாம்பியருக்கு மேல் நீடித்தால் இதயத்தின் துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும். அதனால்தான் வீடுகளில் பொருத்தும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சாதனம் 30 மில்லியாம்பியர் கசிவுக்குள் இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. 100 மில்லியாம்பியர் ஒரு வினாடி ஓடினால் ஒரு லட்சம் மைக்ரோகூலூம். குழாய்ப் பொறியில் ஒன்றுகூடத் தேறாது. குழாய் தீர்ந்துபோகும், மின்நிலையம் தேய்ப்பதை நிறுத்தாது.

"செருப்பு போட்டா?" என்று அவனே கேட்டான். வீட்டு இணைப்பின் ஒரு முனை மண்ணோடு சேர்ந்திருப்பதால், தரையில் நிற்பவரே சுற்றின் மீதிப் பாதி ஆகிவிடுகிறார் என்று விளக்கினேன். காய்ந்த ரப்பர் அந்தப் பாதையில் தடையைக் கூட்டும். ஆனால் செருப்பு நனைந்திருந்தாலோ, மறு கை ஈரச் சுவரிலோ இரும்புப் பெட்டியிலோ பட்டாலோ, மற்றொரு கம்பியிலேயே பட்டாலோ அந்தத் தடையால் பயனில்லை.

"அப்ப நிலைமின்சாரம் எப்பவுமே பரவாயில்லையா?" என்று வேறொருவன். மின்னல் நிலைமின்சாரம்தான் என்றேன். சில கூலூம் மின்னூட்டம், உச்சத்தில் 30,000 ஆம்பியர் அளவு. 1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இடிமேகத்தின் மின்சாரத்தை அளக்கப்போன ரிச்மன் என்ற அறிவியலாளர் அதில்தான் இறந்தார். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள அரை மில்லிஜூலுக்கும் குறைவான பொறி போதும் என்பதையும் சொன்னேன். எங்கள் டப்பா ஜாடி அதைப்போல முப்பது மடங்கு.

பின்விளைவு

மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு கேள்வி கொடுத்தேன்: '10,000 வோல்ட் குழாயைத் தொட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை, 230 வோல்ட் கம்பியைத் தொட்டவர் இறந்தார். விளக்குக.' பெரும்பாலானோர் மின்னூட்டத்தின் அளவையோ, ஓட்டம் நீடிப்பதையோ எழுதினார்கள். இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் குறைவு. நான்கைந்து பேர் 'கரண்ட்தான் கொல்லும்' என்றே எழுதினார்கள். நான் சொல்லாத அந்த வரி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. அவர்களோடு தனியாக உட்கார்ந்து 6.7 ஆம்பியர் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

அந்த மாணவன் தன் பழைய வரியை அடிக்கவில்லை. கீழே '3 மைக்ரோகூலூம்' என்று மட்டும் எழுதி ஓர் அம்புக்குறி போட்டிருந்தான். அவன் அம்மா பின்னர் பேசியபோது, அந்த சுவிட்சை ஆள் வைத்து மாற்றிவிட்டதாகச் சொன்னார். மெயின் எங்கே இருக்கிறது என்பதைப் பையன் வீட்டில் எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தானாம்.

தள்ளிப்போன பாடத்தில் ஒரு வகுப்பை மீட்டேன். மீதி இரண்டையும் மீட்க முடியவில்லை; தடைகளின் இணைப்புக் கணக்குகளைச் சுருக்கித்தான் நடத்த வேண்டியிருந்தது. அதன் பலன் தேர்வில் தெரிந்தது.

இனி மாற்றுவது

நியான் பல்பு முதல் நாளே வரும். குழாயும் பேட்டரிப் பெட்டியும் ஒரே மேசையில், ஒரே வகுப்பில் இருக்கும். வோல்ட் எவ்வளவு என்று யார் கேட்டாலும், கூலூம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்வேன். மணி அடித்துவிட்டால் விடையை மறுநாளைக்கு வைத்துக்கொள்வேன். 'ஒன்றும் செய்யாது' என்ற சொல்லை இந்தப் பாடத்தில் பயன்படுத்தப் போவதில்லை.

முடிவு எழுதும் பயிற்சியை அன்று மாலையே படித்துவிட வேண்டும் என்பதையும் விதியாக்கிக்கொண்டேன். இந்த முறை தற்செயலாகத்தான் அன்றே படித்தேன். சில வாரங்களில் நோட்டுக் கட்டு ஐந்து நாள்கூட என் மேசையில் கிடந்ததுண்டு.

ஜாடிச் சோதனையை அடுத்த முறையும் செய்வேனா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. எல்இடி மங்குவதும் கணக்கும் சேர்ந்தே வேலையைச் செய்துவிட்டன. ஜாடியோ, வீட்டில் பெரிதாகச் செய்து பார்க்கும் ஆசையைக் கிளப்பியது. இருவர் அதைப் பற்றி என்னிடம் கேட்கவும் கேட்டார்கள். பழைய கேமரா ஃபிளாஷ்களில் உள்ள மின்தேக்கியைத் திறக்கவே கூடாது, அதில் 300 வோல்ட் அளவில் பல ஜூல் நிற்கும் என்று அவர்களுக்கு எழுதியே கொடுத்தேன்.

பேட்டரிப் பெட்டியின் மூடி இப்போது திருகால் முறுக்கப்பட்டிருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தனித்தனியாக வைக்கிறோம். குழாயையும் கம்பளியையும் மழை நாள்களில் முந்தைய மாலையே விளக்கின் அருகே காயவைக்கும் பொறுப்பை ஆய்வக உதவியாளர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.